ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன்

சமைக்கிற மனுஷனைக் கூப்பிட்டு, அடுப்பில்லாமல் சமைத்துக் காட்டு என்றால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? அதுவும் பூச்சு உரித்துப் போட்ட நாலு சுவருக்கு நடுவே, காலடியில் செங்கல் தூளோடு.

“கூச்சப்படாதீங்க ஐயா. காலையில எழுந்து உள்ள வர்றீங்க. முதல்ல கை எங்க போகுது? அத மட்டும் காட்டுங்க” என்றான் மின்னல்.

மின்னல் என்பது எலக்ட்ரீஷியனின் பட்டப்பெயர். தொழிலைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றி மாட்டுவதற்குள் சொந்தக்காரர் வீட்டுச் சண்டை ஒன்றை ஆதியிலிருந்து அந்தம் வரை சொல்லி முடித்துவிடுவான். அந்த ஆமை வேகத்தைப் பார்த்து யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. ஆனால் அவன் போட்ட வயரிங்கில் குறை சொல்ல ஆளில்லை. அதற்குக் காரணம் இந்த நடிப்பு. சமையலறை வேலை என்றால், அங்கே தினமும் நின்று வேகிறவர் யாரோ அவரைக் காலி அறையில் நிறுத்தி, ஒரு வேளைச் சமையலை முழுதாக நடித்துக் காட்டச் சொல்வான். கை போகிற இடமெல்லாம் சுவரில் சாக்பீஸால் வட்டம் போடுவான். வட்டம் விழுந்த இடம்தான் பாயிண்ட்.

கண்டக்டர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். மகளும் மாப்பிள்ளையும் விடிந்தால் வேலைக்கு ஓடுகிறவர்கள். முதல் பஸ் டூட்டி பார்த்த உடம்பு அவருக்கு. ஊர் தூங்கும்போதே விழித்துக்கொள்ளும். விழித்துவிட்டு என்ன செய்வது? டீ போட்டார். டீ போட்டவர் காலைச் சாப்பாட்டையும் செய்தார். அது அப்படியே மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் நீண்டு, சமையலறை மொத்தமாக அவர் கைக்கு வந்துவிட்டது. யாரும் தலையில் கட்டவில்லை, அவராக எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று எவன் வாயிலும் விழக்கூடாதே.

ஆகவே, புதுச் சமையலறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பு அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. “மாமாதான் உள்ள நிக்கப் போறார். அவர் சொல்ற இடத்துல போட்டுடுங்க” என்று மாப்பிள்ளையே மின்னலிடம் சொல்லியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து கண்டக்டருக்கு இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அங்கங்கே நிறுத்தி வைத்திருந்தான் மின்னல். இது அடுப்பு, இது ஓவன், இது பாத்திரம் கழுவுகிற மெஷின். மேடை வரப்போகிற உயரத்தில் இரண்டு பலகையைப் போட்டிருந்தான்.

கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வலது கையால் கற்பனைக் குழாயைத் திறந்தார். கற்பனைக் கெட்டிலைப் பிடித்தார். திரும்பினார். இடது பக்கம் வைத்தார்.

“அங்கதான்!” மின்னல் பாய்ந்து வந்து வட்டம் போட்டான். அவன் வேகமாக நகர்ந்து அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது.

அப்புறம் வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மிக்ஸி மேடையில் ஒரு சாண் உள்ளே தள்ளி இருக்கட்டும், ஆனால் தொட்டிப் பக்கம் வேண்டாம், ஈரக்கையோடு தொட்டுவிடுவேன் என்றார். அடுப்புக்குப் பின்னால் எந்தப் பிளக்கும் கூடாது, கொதிக்கிறதைத் தாண்டிக் கையை நீட்டச் சொல்கிறாயா என்று அதட்டினார். பாத்திர மெஷினுக்குப் பிளக் கீழே இருந்தாலும் சுவிட்ச் மேடைக்கு மேலே வர வேண்டும், ஒவ்வொரு தரமும் குனிந்து தேட இடுப்புக்கு வாடகை கொடுக்க முடியாது என்றார். ஓவனையும் அடுப்பையும் ஒரே பிளக்கில் ஏற்றாதே, இரண்டும் ஏறினால் வண்டி தாங்காது என்று அவர் சொன்னபோது மின்னல் வாய்விட்டுச் சிரித்தான்.

“அதெல்லாம் தனித்தனி ஐயா. அடுப்புக்குத் தடி வயரு, நேரா மெயின்லேருந்து வரும். நீங்க டிக்கெட் மட்டும் கிழிங்க, வண்டி ஓட்டுறது என் பொறுப்பு.”

கண்டக்டரும் சிரித்தார். ஃப்ரிட்ஜ் பெட்டியை மட்டும் ஜன்னலோரம் தள்ளி வைத்துவிட்டு, “பெரிய ஆளுக்கு ஜன்னல் சீட்டு” என்றார். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தீப்பிடித்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம். கண்டக்டர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை மாடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். என்றைக்கும் இல்லாத திருநாளாக மகளுக்கு எதையோ பொரித்துத் தின்ன ஆசை வந்து, வாணலியில் எண்ணெயை ஊற்றி, காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே பின்வாசலுக்குப் போனவள் பேச்சு சுவாரசியத்தில் எண்ணெயை அடியோடு மறந்தாள். கண்டக்டர் பால் பாக்கெட்டோடு தெரு முனையில் திரும்பும்போதே சமையலறை ஜன்னல் வழியாகக் கரும்புகை. அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டம் அவருக்கே தெரியாது. ஈரச் சாக்கை வீசிப் போட்டு, சிலிண்டரை மூடி, கையில் கொப்புளத்தோடு அவர் நிமிர்ந்தபோது அலமாரி பாதி கரியாகியிருந்தது. மேலே கூரை வரை சுவர் கறுத்துப் போயிருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, யாருக்காவது அடிபட்டதா என்பதில்லை.

“யாரு அடுப்ப பத்தவச்சது?”

அவன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஒருவன் விரலை மெஷினில் கொடுத்தாலும், விரல் போனதை விட யாருடைய கவனக்குறைவு என்பதுதான் இவனுக்குத் தலைபோகிற காரியம். அதே தொழிலை வீட்டிலும் பார்த்தான். கை நீட்டுகிறவன் இல்லை, கத்துகிறவனும் இல்லை. அப்படிக் கத்தித் தொலைத்தாலாவது தேவலை. போன வருஷம் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் மகள் வேலைக்குப் போய்விட்டாள் என்பதற்காக நாள்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தான். அவள் எதிரே வந்தால் வழியில் நாற்காலி கிடக்கிற மாதிரி விலகிப் போனான். அவள் சமையலறை மூலையில் நின்றபடி, கண்ணீரும் சோறுமாக விழுங்கியதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். பெற்றவன் அதைப் பார்த்துவிட்டு எப்படித் தூங்குவான்?

பின்வாசலில் போனைப் பிடித்தபடி மகள் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு ஏதோ சொல்லத் திறந்தது.

“நான்தான் மாப்பிள்ளை” என்றார் கண்டக்டர். “எண்ணெய வச்சுட்டு, பால் இல்லன்னு கடைக்குப் போனேன். மறந்துட்டேன்.”

அவ்வளவுதான். பஸ்ஸில் எவனோ காலை மிதித்தால் நாம் மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடிப்பதில்லையா, அப்படி ஒரு சின்னப் பொய் என்று நினைத்தார். கிழவனைத் திட்டினால் எத்தனை நாள் திட்டுவான்? திட்டட்டும். நம் தோல் தடித்த தோல்.

ஆனால் மாப்பிள்ளை திட்டவே இல்லை. அதுதான் வினை. பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தான். “பரவால்ல மாமா. வயசாயிடுச்சுல்ல. இனிமே நாங்க பாத்துக்கிறோம்” என்றான். அத்தனை கனிவாக அவன் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகள் அன்று ராத்திரி மருந்து போடும்போது அவர் கைமேல் முகத்தை வைத்து அழுதாள். “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னப்பா பண்ணியிருப்பேன்” என்றாள். கண்டக்டருக்கு அது போதும். கொப்புளம் வலிக்கக்கூட இல்லை.

அந்தக் கனிவு மறுநாளிலிருந்து வேலையைக் காட்ட ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவர் தேடினால் மாப்பிள்ளை மகளைப் பார்ப்பான். டிவியில் நேற்று வந்த செய்தியை அவர் இன்று மறுபடி சொன்னால், “சொன்னீங்க மாமா” என்று குழந்தையிடம் பேசுகிற குரலில் சொல்வான். மகளும் பழகிக்கொண்டாள். மாத்திரை போட்டீங்களா என்று காலையில் ஒருதரம் கேட்பாள், மத்தியானம் போன் போட்டு இன்னொருதரம். முதலில் அது புருஷனுக்காகச் செய்கிற நாடகம் என்று கண்டக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நாடகத்துக்கு எப்போது திரை விழும் என்று மட்டும் தெரியவில்லை.

அப்புறம்தான் சமையலறையை இடித்துக் கட்டுகிற பேச்சு வந்தது. காஸே வேண்டாம், எல்லாம் கரண்டில் போட்டுவிடலாம் என்றான் மாப்பிள்ளை. புது அடுப்பு, புது ஓவன் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது, பரவாயில்லையே, நம் பொய்க்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுகூட அவர் நினைத்தார். பாவம்.

சரி, நடிப்புக்கு வருகிறேன்.

சமையல் முடிந்து, பாத்திரங்களை மெஷினில் அடுக்கி, மேடையைத் துடைக்கிறது வரை நடித்துக் காட்டிவிட்டார் கண்டக்டர். மின்னல் வட்டங்களை எல்லாம் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தான். சுவரை வெட்டிப் பைப் புதைக்கப்போகிற பாதை அது. எல்லா வட்டத்திலிருந்தும் கோடு ஒன்றாகச் சேர்ந்து வாசலுக்கு மேலே ஏறிப் போனது. ஃப்ரிட்ஜிலிருந்து மட்டும் ஒரு கோடு யாரோடும் சேராமல் எதிர்ப்பக்கமாகப் போனது.

“என்ன தம்பி, ஜன்னல் சீட்டுக்காரருக்கு மட்டும் தனிப் பாதையா?”

“ஆமா ஐயா. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். இல்லன்னா ராத்திரி அவங்க ஆஃப் பண்றப்போ ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்னுடும்ல? பாலு, காய் எல்லாம் கெட்டுப்போயிடும்.”

“யாரு ஆஃப் பண்றப்போ?”

மின்னல் சாக்பீஸ் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க மாப்பிள்ளைதான். வயரு தனித்தனிதான், ஆனா அடுப்பு, ஓவன், கெட்டிலு, மிக்ஸி எல்லாத்தையும் ஒரே சுவிட்ச்சுல கட்டச் சொல்லியிருக்காரு. சுவிட்ச் அவங்க ரூம்ல, கட்டில் தலைமாட்டுல. படுக்கும்போது தட்டிவிட்டா கிச்சன் மொத்தமும் செத்துடும். காலையில அவங்க எழுந்து போட்டாத்தான் உயிரு வரும். வீட்டுல வயசானவரு ஒருத்தரு, மறதி ஜாஸ்தி, ஒரு தடவ தீயே வச்சுட்டாருன்னு…”

அங்கேதான் அவனுக்குப் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

“ஐயா, நான் வேற யாரோன்னு… நீங்க இவ்வளவு தெளிவா…”

“இருக்கட்டும் தம்பி” என்றார் கண்டக்டர். “வேலையப் பாரு.”

அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். முழுச் சமையலையும் ஆடிப் பாடி நடித்துக் காட்டிய கையிலிருந்து செங்கல் தூளைத் தட்டினார். கை எங்கே போகிறதோ அங்கே சுவிட்ச் வைக்கிறானாம். அந்தக் கை எட்டவே எட்டாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைக்கப்போகிறார்கள், அதைச் சொல்லவில்லை.

எட்டாது என்றால் தூரம் இல்லை. கூடத்தைத் தாண்டினால் அந்த அறை. ஆனால் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறை வாசலைக் கண்டக்டர் மிதித்ததில்லை. உள்ளே அவர்கள் இருக்கும்போது கதவைத் தட்டியதும் இல்லை. வீடே முழுகிப் போனாலும் கூடத்தில் நின்று இருமுவார், இல்லையென்றால் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பார். எந்தத் தகப்பன் மகளும் மருமகனும் படுத்திருக்கிற அறைக் கதவைப் போய்த் தட்டுவான்? தட்டிவிட்டு, டீ போட அடுப்பைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பான்? நினைக்கும்போதே அவருக்குக் காது கூசியது.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை.

“உங்க ரூம்ல சுவிட்ச் வைக்கப் போறாங்களாமே?”

அவள் கைப்பையை மாட்டுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவர் சொன்னார்ப்பா. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“ஏன் வேணாம்னு அவர்கிட்ட சொன்னியா?”

அவள் மாட்டிய பையை மறுபடி எடுத்து மாட்டினாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுதேம்மா. அன்னைக்கு அடுப்ப பத்தவச்சது எங்கப்பா இல்லன்னு.”

“இப்பப் போய் எப்படிப்பா சொல்றது?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “தீ வச்சதக்கூட மன்னிச்சுடுவார். இத்தன நாள் ஏன் மறைச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அப்புறம் என்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டார். உங்களுக்குத் தெரியாதா அவரப் பத்தி?”

தெரியும். தெரிந்துதானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கண்டக்டர் மூச்சை இழுத்து விட்டார்.

“சரி. உண்மையெல்லாம் வேணாம், அது என்னோட போகட்டும். அந்த சுவிட்ச் மட்டும் வேணாம்னு சொல்லு. ராத்திரி படுக்கும்போது நானே எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்து சொல்றேன். இல்ல, சுவிட்ச கூடத்துலயாவது வைக்கச் சொல்லு. காலங்காத்தால உங்க கதவத் தட்ட வைக்காதம்மா. என்னால முடியாது.”

“சொல்றேன்ப்பா.”

“சத்தியமா?”

“சொல்றேன்னு சொல்லிட்டேன்ல” என்றாள். அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

கண்டக்டர் காத்திருந்தார். சமையலறைச் சுவர் வெட்டி முடிந்தது, பைப் புதைந்தது, பெட்டிகள் உட்கார்ந்தன. ஒவ்வொரு ராத்திரியும் இன்று சொல்லியிருப்பாள் என்று படுப்பார். மாப்பிள்ளை காலையில் வழக்கம்போல, “என்ன மாமா, தூங்குனீங்களா?” என்று கேட்பான். அந்த முகத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

அடுத்த விடுமுறை நாள், மின்னல் உளியும் சுத்தியலுமாக அவர்கள் படுக்கையறைக்குள் போனான். உள்ளே டங்கு டங்கென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியும் கண்டக்டர் மண்டையில் விழுந்தது. மகள் கூடத்தில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பது தெரிந்தும் நிமிரவில்லை. மாப்பிள்ளை அறை வாசலில் நின்று உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, ஒண்ணும் கஷ்டமில்ல” என்றான், அவரைப் பார்த்ததும். “நீங்க சீக்கிரம் எழுந்துடுவீங்கன்னு தெரியும். கதவ ஒரு தட்டுத் தட்டுங்க, நான் படுத்தபடியே போட்டுடறேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். ஃபாக்டரியிலயும் இப்படித்தான், ஆள மாத்த முடியாது, மெஷின மாத்திடுவோம்.”

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. மகளை மறுபடி பார்த்தார். அவள் ஒரு சிக்கை எடுப்பதிலேயே கண்ணும் கருத்துமாக இருந்தாள். போதும் என்று தோன்றியது அவருக்கு. எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் பைத்தியக்காரன் வேஷம் போடுவது?

“மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எண்ணெய அடுப்புல வச்சது நான் இல்ல.”

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை அவரையே பார்த்தான். “அப்புறம் யாரு மாமா?”

“நான் கடையில இருந்தேன். வீட்டுல யார் இருந்தாங்களோ அவங்களக் கேளுங்க.”

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். கண்டக்டரும் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். சொல்லிவிடு தாயே, நான் பக்கத்தில் இருக்கிறேன், நாள்கணக்கில் அவன் பேசாவிட்டால் என்ன, நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம்.

மகள் எழுந்து வந்தாள். அவர் தோளில் கையை வைத்தாள். சின்ன வயதில் ஜுரம் வந்தால் அவர் அவளைத் தொடுவாரே, அந்த மாதிரி.

“அப்பா” என்றாள் மெல்ல. “நீங்கதானேப்பா சொன்னீங்க, நான்தான்னு. அதையும் மறந்துட்டீங்களா?”

அடிப்பாவி. வேறு எந்த வார்த்தை எனக்கு வரும்? கண்டக்டருக்கு அந்த வார்த்தைகூட வரவில்லை. இனி அவர் என்ன சொன்னாலும் அது மறதிக் கணக்கில்தான் போய்ச் சேரும். கத்தினால் முற்றிவிட்டது என்பார்கள், அழுதால் டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

“பரவால்ல மாமா” என்றான் மாப்பிள்ளை. குரலில் அதே கனிவு. அவள் பக்கம் திரும்பி, “ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாம்” என்றான். அவள் தலையாட்டினாள்.

கண்டக்டர் போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது. சாயங்காலம் மின்னல் போகும்போது அவர் அறை வாசலில் வந்து நின்றான். எதையோ சொல்ல வந்தவன், சொந்தக்காரர் சண்டை எதுவும் ஞாபகம் வராத மாதிரி நின்றுவிட்டு, “வர்றேன் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வேலை முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கையை நீட்டினால் சுவிட்ச், திரும்பினால் பிளக், ஒரு வயர்கூட வெளியே தொங்கவில்லை. யார் யோசனை என்று கேட்டவர்களிடம், “எல்லாம் மாமா பிளான்தான்” என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னான். அப்படிச் சொல்லிவிட்டு, அவருக்குக் கேட்காது என்கிற நினைப்பில், “பாவம், நல்லாத்தான் இருந்தார்” என்றான்.

புதுச் சமையலறையின் முதல் காலையில் கண்டக்டர் வழக்கம்போல விழித்தார். முகம் கழுவினார். உள்ளே போய் நின்றார். கை தானாக இடது பக்கம் போய்க் கெட்டில் சுவிட்ச்சைத் தட்டியது. ஒன்றும் வரவில்லை. அடுப்பைத் தொட்டார். கண்ணாடி மாதிரி சும்மா கிடந்தது. ஜன்னலோரம் ஃப்ரிட்ஜ் மட்டும் சுகமாக உறுமிக்கொண்டிருந்தது.

கூடத்துக்கு வந்தார். இருமினார். கொஞ்சம் பலமாக இருமினார். அந்தக் கதவு அசையவில்லை. கதவுப் பக்கம் நாலடி போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். கையை உயர்த்தினார். பஸ்ஸின் தகரத்தை ஆயுள் முழுக்கத் தட்டித் தட்டிக் காய்ப்பேறிய கை அது. ஒரு மரக்கதவைத் தட்டத் தைரியமில்லாமல் அந்தரத்தில் நின்றது. இறக்கிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அவர்கள் வெளியே வரும்போது காவல் காத்த மாதிரி இருக்குமே என்று, உட்காராமலே நின்றார்.

நன்றாக விடிந்த பிறகுதான் கதவு திறந்தது. மகள் மட்டும் வந்தாள். பின்னால் அவன் குறட்டை கேட்டது.

“என்னப்பா, நின்னுட்டே இருக்கீங்க? தட்ட வேண்டியதுதானே?”

“இப்பதான் வந்தேன்” என்றார்.

“இருங்க, போட்டுட்டு வர்றேன்” என்று அவள் திரும்பினாள்.

“அம்மா.”

நின்றாள். அவன் தூங்குகிறான், கூடத்தில் வேறு யாரும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. இப்போது ஒரே ஒரு வார்த்தை அவள் தன்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்று கண்டக்டர் நினைத்தார். ஊருக்குச் சொல்ல வேண்டாம், புருஷனுக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் சாகிற வரை இந்த வாசலில் நின்றுவிடுவார்.

“அன்னைக்கு, நான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, எண்ணெய அடுப்புல வச்சுட்டா போனேன்?”

மகள் அவரைப் பார்த்தாள். கண்ணில் தூக்கம் இருந்தது, பாசம் இருந்தது, கொஞ்சம் சலிப்பு இருந்தது.

“ஆமாப்பா” என்றாள். “அதையே நினைச்சுட்டு இருக்காதீங்க. யாரும் உங்களக் குத்தம் சொல்லலியே.”

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று கண்ணைப் பார்த்துச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்தவர் கண்டக்டர். பொய் சொல்கிற முகத்தில் எங்காவது ஓரிடம் துடிக்கும். அவள் முகத்தில் அந்த இடத்தை அவர் தேடினார். நெற்றி, இமை, உதட்டோரம் எல்லாம் தேடினார். எங்கும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. எப்போதோ ஒருநாள், அவருக்குத் தெரியாமல், அவள் அதை நம்பிவிட்டிருக்கிறாள்.

அவள் உள்ளே போனாள். சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்டது. சமையலறையில் அடுப்பு கீச்சென்று ஒரு குரல் கொடுத்து விழித்துக்கொண்டது.

கண்டக்டர் போய் மூன்று பேருக்கும் டீ போட்டார். அடுப்பை அணைத்தார். தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு கூடம் வரை வந்தவர், அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பார்த்தார்.